கடைவாய்ப் பல்லை அடைத்து ஆறு வருடம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் வருடம் முழுக்க பலகார அடுப்பு எரியும். ஆவணி, தை என்றால் கல்யாணச் சீருக்கு அதிரசமும் மாவுருண்டையும் மனகோலமும் சீப்பு சீடையும் டின் கணக்கில் போகும். காரைக்குடிப் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பல் சொத்தை புதிதல்ல. என் இரண்டு கடைவாய்ப் பற்களை 2019இல் அடைத்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. அவை எப்படி இருக்கின்றன என்பதை, பல்லை அடைப்பதா வேண்டாமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லை 2017இல் ஓர் இடத்தில் அடைத்திருந்தேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை. பத்தே நிமிடத்தில் வெள்ளையாக ஒரு சிமென்ட்டை வைத்து அனுப்பினார்கள். பதினான்காம் மாதம் சீப்பு சீடையைக் கடித்தபோது அது பெயர்ந்து வந்தது. வலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன். பல்லின் மேல் ஓட்டில் நரம்பு கிடையாது, அதற்குள் இருக்கும் அடுக்கை எட்டிய பிறகுதான் சொத்தை வலிக்கவே ஆரம்பிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த ஏழெட்டு மாதம் அந்தக் குழிக்குள் மாவும் வெல்லமும் போய் அடைந்துகொண்டே இருந்தன. கடைசியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தால்கூட சுருக்கென்று காது வரை இழுத்தது. என் அப்பத்தா சொல்லிக்கொடுத்தபடி கிராம்பை நசுக்கி வைத்துப் பார்த்தேன். வலி அடங்கியது, குழி அப்படியேதான் இருந்தது.

அப்புறம் போனது வேறு ஒரு டாக்டரிடம். சின்னப் பையன், பொறுமைசாலி. எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, "ஆச்சி, இது நரம்புக்கு ரொம்பப் பக்கத்துல வந்துருச்சு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா வேர் சிகிச்சைதான்" என்றார். வலது பக்கம் இரண்டு பற்களுக்கு இடையில், எனக்குத் தெரியாமலே, மிளகளவுக்கு இன்னொரு சொத்தை இருந்தது. கண்ணாடியில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாத இடம். எக்ஸ்ரேயில் மட்டும் கறுப்பாக விழுந்திருந்தது.

முன்பு வைத்த சிமென்ட்டை அவர் குறை சொல்லவில்லை. அது ஃப்ளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுமாம், குழந்தைகளின் பால் பல்லுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் நல்லதாம். நாளெல்லாம் மெல்லும் கடைவாய்க்கு அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். அதனால் இரண்டுக்கும் காம்போசிட் என்ற பிசின் கலவை, பல் நிறத்திலேயே. பல் ஒன்றுக்கு ரூ.1,200 ஆனது.

ஊசி போட்டதும் உதடும் நாக்கின் பாதியும் மரத்துப் போயின. சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆழமான குழியின் அடியில் நரம்புக்குப் பாதுகாப்பாக ஒரு மருந்துப் பூச்சு வைத்தார். பிறகு நீல நிறக் களிம்பு ஒன்று. அது அமிலம், பல்லைச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்குமாம். கழுவி, பசை தடவி, காம்போசிட்டை ஒரேயடியாக அடைக்காமல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒவ்வோர் அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி நீல விளக்கைக் காட்டினார். கன்னத்துக்குள் பஞ்சு மாற்றிக்கொண்டே இருந்தார். எச்சில் ஒரு சொட்டு பட்டாலும் ஒட்டு கெட்டுவிடும் என்றார். ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம். அந்தப் பத்து நிமிட வேலையை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மரப்பு போகுமுன் இட்லி சாப்பிட்டு உள்கன்னத்தைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன். மூன்று மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மரப்பு போன பிறகு, இடது பக்கம் கடித்தாலே உயிர் போனது. அடைத்ததே வீண் என்று இரண்டு நாள் அழாத குறை. திரும்பிப் போனேன். நீலத் தாள் ஒன்றைப் பல் நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். அடைப்பின் ஒரு மூலையில் அடர்த்தியாக மை பதிந்தது. அந்த இடம் மட்டும் மயிரிழை உயரம் கூடியிருக்கிறது, மரத்த வாயோடு கடித்துப் பார்த்ததில் தெரியவில்லை என்றார். தேய்த்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வலி போனது. காசு வாங்கவில்லை. பல்லை அடைத்த பிறகு கடித்தால் வலிக்கிறது என்றால் தாங்கிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே திரும்பிப் போங்கள். குளிர்ச்சி பட்டால் வரும் கூச்சம் வேறு. எனக்கு அது மூன்று வாரத்தில் தானாக அடங்கியது.

இப்போது நிலவரம். வலப்பக்கச் சின்ன அடைப்பு ஆறு வருடமாக இருக்கும் இடமே தெரியவில்லை. இடப்பக்கப் பெரிய அடைப்பு நான்காம் வருடம் ஓரத்தில் சிறிது உடைந்தது. முழுவதையும் பெயர்க்காமல் உடைந்த இடத்தை மட்டும் பூசிக் கொடுத்தார். அதே பொருள், அதே கை, அதே வாய். சொத்தை சின்னதாக இருக்கும்போதே போனேனா, பெரிதான பிறகு போனேனா என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த ஆறு வருடத்துக்கும் அடைப்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அடைத்த அன்றே அந்த டாக்டர் தம்பி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு வாயில போகும்?" என்று கேட்டார். நான் இனிப்பு சாப்பிடுகிறவளே இல்லை என்றுதான் சொன்னேன். மறுநாள் அடுப்படியில் நின்று எண்ணிப் பார்த்தபோது திக்கென்றது. அதிரசப் பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டி உருட்டி, உருட்டுப் பதம் வந்துவிட்டதா என்று பார்த்து, அந்த உருண்டையை அப்படியே வாயில் போட்டுக்கொள்வேன். முப்பது வருடப் பழக்கம். அன்று மத்தியானத்துக்குள் பதினேழு முறை.

ஒவ்வொரு முறையும் வாய்க் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூட இறங்கும் pH அளவு 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேல் ஓடு கரையத் தொடங்கும். எச்சில் அதை மீட்டெடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். நான் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கவே இல்லை. ஒரு முழு அதிரசத்தை உட்கார்ந்து ஒரே மூச்சில் தின்பதைவிட இதுதான் பல்லைத் தின்றது. அடைப்பின் விளிம்பிலும் இதே அமிலம்தான் புதுச் சொத்தையைக் கிளப்புமாம்.

இப்போது உருட்டிய பாகைத் தட்டிலேயே வைத்துவிடுகிறேன். பதத்தை விரலே சொல்லிவிடும். ருசி பார்ப்பது சாப்பாட்டோடு ஒரே தடவை. அடுப்புக்குப் பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருக்கும். ஃப்ளோரைடு 1,000 பிபிஎம்முக்குக் குறையாத பேஸ்டில் இரண்டு வேளை, இரவில் துலக்கிய பிறகு ஒன்றும் தின்பதில்லை.

போன மாதம் காட்டியபோது இடப்பக்க அடைப்பின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு பழுப்புக் கோடு. கறைதான், சொத்தை இல்லை என்று பளபளப்பாக்கிக் கொடுத்தார். சீர் வேலையெல்லாம் முடிந்து மாசியில் வந்து மறுபடியும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.