சுமத்ரா பி.டி.எஃப்.: சத்துவாச்சாரி ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்குத் திங்கட்கிழமைதான் வாரத்திலேயே கடினமான நாள். குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுப்பதற்காக அணைக்கட்டு, குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் என எல்லாவற்றையும் கைப்பேசியிலோ பென்டிரைவிலோ பி.டி.எஃப். கோப்பாக வைத்துக்கொண்டு காலையிலேயே கடை வாசலில் நிற்பார்கள். அந்த நெரிசலில், கோப்பை இருமுறை சொடுக்கியதும் எந்தச் செயலி திறக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். பல ஆண்டுகள் நாங்கள் இணைய உலாவியிலேயே திறந்துகொண்டிருந்தோம். ஒரு திங்கட்கிழமை, வரிசையாகத் திறந்து கிடந்த தாவல்களுக்கிடையே குழம்பி, ஓர் அம்மாவிடம் வேறொருவருடைய பட்டாவை அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். மனு எழுதி முடித்த பிறகுதான் புல எண் தம்முடையது அன்று என்பதை அவர் கவனித்தார். அன்று மாலையே வேறு செயலி தேடத் தொடங்கினேன், கிடைத்தது சுமத்ரா.

2006ஆம் ஆண்டு முதல் வெளிவரும் சுமத்ரா, விண்டோஸுக்கு மட்டுமான கட்டற்ற மென்பொருள். கிறிஸ்டோஃப் கோவால்சிக் என்பவர் உருவாக்கியது. பி.டி.எஃப். மட்டுமல்லாமல் இபப், டெஜாவியூ போன்ற மின்னூல், ஆவண வடிவங்களையும் திறக்கும். நிறுவும் கோப்பு சில மெகாபைட் அளவே என்பதால் எங்களிடம் உள்ள பழைய கணினியிலும் தடுமாறாமல் ஓடுகிறது. பட்டியல்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். இதிலும் தாவல்கள் உண்டு. ஆனால் ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘யூஸ் டேப்ஸ்’ என்ற குறியை நீக்கிவிட்டால் ஒவ்வொரு கோப்பும் தனிச் சாளரத்தில் திறக்கும். ஒருவருடைய வேலை முடிந்ததும் அந்தச் சாளரத்தை மூடிவிட்டே அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.

நிறுவினால் மட்டும் போதாது, இதையே டீஃபால்ட், அதாவது கோப்பைச் சொடுக்கியதும் தானாகத் திறக்கும் செயலி, ஆக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் எந்தச் செயலியும் தன்னை அந்த இடத்தில் தானாக அமர்த்திக்கொள்ள முடியாது. பயன்படுத்துபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏதேனும் ஒரு பி.டி.எஃப். கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, ‘ஓப்பன் வித்’ என்பதில் வேறு செயலியைத் தேர்ந்தெடுக்கும் வழிக்குச் சென்று, சுமத்ராவைக் குறித்துவிட்டு, ‘ஆல்வேஸ்’ என்பதையும் மறக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அந்த ஒருமுறை மட்டும் சுமத்ராவில் திறந்து, அடுத்த முறை பழையபடியே உலாவிக்குப் போய்விடும். இந்தத் தேர்வு கோப்பு வகை வாரியாகவும், கணினியில் உள்ள பயனர் கணக்கு வாரியாகவும் பதிவாகும். எங்கள் கடையில் காலையில் எனக்கு ஒரு கணக்கு, மாலையில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஒரு கணக்கு. என் கணக்கில் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்; ஒரு வாரம் கழித்துத்தான் அவர் இன்னும் உலாவியிலேயே திறந்துகொண்டிருப்பது தெரிந்தது.

என்னை இந்தச் செயலியோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டது புலப்பட அச்சுத்தான். நில அளவைப் பிரச்சினைக்காக மனு கொடுப்பவர்கள் நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தின் நகலையும் இணைப்பார்கள். 1:1000 என்ற அளவில் வரையப்பட்ட படத்தில் 10 செ.மீ. கோடு நிலத்தில் 100 மீட்டரைக் குறிக்கும். அச்சிடும்போது செயலி அதை 96 விழுக்காடாகச் சுருக்கிவிட்டால், ஸ்கேல் வைத்துப் பார்ப்பவருக்கு அது 9.6 செ.மீ., அதாவது 96 மீட்டர். வரப்புத் தகராறில் நான்கு மீட்டர் என்பது இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளப் போதுமான தூரம். சுமத்ராவின் அச்சுப் பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ என்ற பகுதியைத் திறந்தால், தேவைப்பட்டால் சுருக்குவதா, தாளுக்கேற்பப் பொருத்துவதா, மூல அளவிலேயே அச்சிடுவதா என்று தெளிவாகக் கேட்கிறது. புலப்படத்துக்கு நான் எப்போதும் மூல அளவைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். தாள் வெளியே வந்ததும் ஒரு கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்த பிறகே கொடுக்கிறேன். "அளவு மாறாம எடுத்துக் குடுப்பா, சர்வேயர் பார்ப்பாரு" என்று கேட்கும் பெரியவர்களிடம் இப்போது தயங்காமல் கொடுக்க முடிகிறது.

ஆனால் பிறருடைய ஆவணங்களைக் கையாளும் இடத்தில் ஒன்றைக் கட்டாயம் மாற்றியே தீர வேண்டும். சுமத்ராவைத் தனியாகத் திறந்தால், அண்மையில் பார்த்த கோப்புகளின் முதல் பக்கங்கள் சிறு படங்களாக வரிசையாகத் தெரியும். வீட்டில் புத்தகம் படிப்பவருக்கு இது வசதி. கடையிலோ, முந்தைய நாள் ஒருவர் கொண்டுவந்த விற்பனைப் பத்திரத்தின் முதல் பக்கம், மறுநாள் மேசைக்கு முன் நிற்கும் இன்னொருவர் கண்ணில் படுகிறது. அப்படி ஒருவர் எட்டிப் பார்ப்பதை நானே கண்டேன், மனம் பதறிவிட்டது. ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில், திறந்த கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் குறியை நீக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஜெராக்ஸ் கடையோ இ-சேவை மையமோ நடத்துபவர்கள் டீஃபால்ட் ஆக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறைகள் இரண்டு. பி.டி.எஃப். படிவங்களின் கட்டங்களை இதில் நிரப்ப முடியாது. மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கவும் முடியாது. இ-ஆதார் கோப்பைக் கடவுச்சொல் கேட்டுத் திறந்துவிடும். பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டு, பிறந்த ஆண்டைச் சேர்த்தால் போதும். ஆனால் அதிலுள்ள கையொப்பத்தைச் சரிபார்த்து அச்சிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அடோபி ரீடர்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே அதையும் கணினியில் வைத்திருக்கிறேன். டீஃபால்ட் ஆக்காமல், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ‘ஓப்பன் வித்’ வழியாகத் திறக்கிறேன். அப்போது மட்டும் ‘ஆல்வேஸ்’ மேல் கைபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.