ஆன்லைன் கவுன்சலிங்: ஆப்புக்கு இரண்டு ஸ்டார், ஆளுக்கு ஐந்து

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அதாவது ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும் ஆள். எங்கள் தொழிலில் டென்ஷன் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். அதைச் சொல்லி ஒருவரிடம் காசு கொடுத்துப் பேசினேன் என்றால் ஆபீஸில் சிரிப்பார்கள். நான் போனது நகத்துக்காக. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கடிப்பேன். இந்த வருஷம் சதை வரைக்கும் போய்விட்டது. சிங்கிள் ஜெர்சி துணியைக் கையில் எடுத்தால் நகத்துப் பிசிறு நூலை இழுக்கிறது. பையர் முன்னால் சாம்பிளை விரித்துக் காட்டும்போது விரல் நுனியை உள்ளே மடக்கிக்கொண்டு பிடிப்பேன். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்ததில் கசப்பு பழகிப்போனதுதான் மிச்சம்.

ஆப்பின் பெயர் வேண்டாம். மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று டிக் செய்திருந்தேன். கிடைத்தவர், “நீங்க தமிழ்ல பேசுங்க, எனக்குப் புரியும், நான் இங்கிலீஷ்ல சொல்றேன்” என்றார். மரியாதையான மனிதர்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் பாதி, நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதிலேயே போனது. ஆளை மாற்றச் சொன்னால் முதலில் சாட்பாட் வந்தது, அப்புறம் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். மொத்தமாகப் பேக்கேஜ் எடுத்தால் தள்ளுபடி உண்டாம். கட்டின பணம் திரும்பி வரவில்லை. காலாவதித் தேதி போட்ட கூப்பனாக வந்தது.

இரண்டாவதாகக் கிடைத்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்தப் பட்டத்தோடு வேலை செய்பவர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டேன், முகம் மாறாமல் கொடுத்தார். கேட்கக் கூச்சப்படாதீர்கள். டையிங் யூனிட்டுக்குத் துணி அனுப்பும்போது சான்றிதழ் கேட்கிறோம், இங்கே கேட்டால் என்ன?

இந்த மேடம் ‘கடிக்காதீங்க’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “எந்த விரல் முதல்ல போகும்?” என்றுதான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கடிக்கிறேன், அது தெரியவில்லை! கேமரா முன்னாலேயே மெதுவாகச் செய்து காட்டச் சொன்னார். பார்த்தால், கை நேராக வாய்க்குப் போவதே இல்லை. முதலில் கட்டைவிரல் மற்ற நகங்களின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தடவுகிறது. எங்கேயாவது சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்த விரல்தான் வாய்க்குப் போகிறது. தடவலுக்கும் கடிக்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி கிடைக்கும். வைத்தியம் முழுக்க அந்த இடைவெளியில்தான். தடவுவது தெரிந்தவுடன் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, ஒரு நிமிஷம் போல அப்படியே வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பையில் ஒரு நக அரம், சொரசொரப்பு தட்டினால் அங்கேயே தேய்த்துவிட. அவ்வளவுதான். இது 1973-இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதி வைத்த முறையாம். முடி பிடுங்குகிறவர்களுக்கும் இதே வழிதான் என்றார்.

வீட்டில் ஒருவர் துணைக்கு வேண்டும் என்றதால் மகளை நியமித்தேன். ஆறாவது படிக்கிறாள். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது “அம்மா, கை!” என்று கத்தினாள். மேடத்திடம் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, கடிக்கிறபோது கண்டுபிடிப்பதைவிடக் கடிக்காமல் இருக்கிறபோது பாராட்டச் சொல்லுங்கள் என்றார். இப்போது இரவு என் கையை விரித்துப் பார்த்து மார்க் போடுகிறாள்.

எப்போது கடிக்கிறேன் என்று குறித்துவரச் சொன்னதும் நன்றாக உதவியது. கடைசி நேர இன்ஸ்பெக்‌ஷன், சத்தம், திட்டு, இதெல்லாம்தான் காரணம் என்று இருந்தேன். குறிப்பைப் பார்த்தால் அந்த நேரங்களில் கை வாய்க்கே போவதில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறேன். கடி விழுவதெல்லாம் காத்திருக்கும்போது. லேப் டிப் (நிறம் சரிதானா என்று பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு) அனுப்பியாயிற்று, பையரின் அப்ரூவல் வரவில்லை, மெயிலைத் திறந்து திறந்து மூடுகிறேன், அந்த நேரத்தில்.

டென்ஷன் பக்கத்தில் இவ்வளவு லாபம் இல்லை. மூச்சுப் பயிற்சி, தோளை இறுக்கித் தளர்த்துவது எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது, அதற்கு செஷனுக்கு 1,200 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. இரவு மெயில் பார்க்க ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெர்மனியில் மாலை ஐந்து மணி என்றால் நமக்கு கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அந்த நேரத்தில் ஒரு தடவை பார்த்து மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். எம்.டி. ஒத்துக்கொள்ளவில்லை. ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழும், அவர் பயம் அவருக்கு. “இதை நான் சரிசெய்ய முடியாதும்மா, உங்க எம்.டி.கிட்டதான் பேசணும்” என்று மேடம் நேராகவே சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

வீட்டில் தனியாகப் பேச இடமில்லை. மதியம் சாம்பிள் ரூமில் துணி ரேக்குகளுக்கு நடுவே ஹெட்செட்டோடு உட்கார்ந்துகொண்டேன். சுற்றிலும் துணி இருப்பதால் குரல் வெளியே போகாது. ஆப் கேட்கும் விவரங்களை எல்லாம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவர்களுக்குக் கொடுத்ததாக 2023-இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதைப் படித்ததிலிருந்து சம்பளம், கம்பெனி பெயர் கட்டங்களைக் காலியாக விட்டுவிடுகிறேன்.

காசு செலவழிக்க யோசிப்பவர்களுக்கு 14416 இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மனசு ரொம்பச் சரியில்லாத ராத்திரிக்கு ஆப்பில் ஸ்லாட் தேடிக்கொண்டிருக்காமல் அதைத்தான் கூப்பிட வேண்டும். மாத்திரை தேவைப்படும் நிலை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள், சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார்.

பேக்கேஜ் எடுக்காமல் ஒவ்வொரு செஷனாகக் கட்டுங்கள். இரவு எட்டு மணிக்கு மேற்பட்ட நேரங்கள் திங்கள்கிழமையே தீர்ந்துவிடும், ஞாயிறு அன்றே பதிந்துகொள்வது நல்லது.