ஓ.டி. தூண்டில் கடை: ஸ்பாட் கேக்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) துறைமுகத்துக்குப் போற வழியில இருக்குற சின்ன தூண்டில் கடை. போர்டு வெயில்ல வெளுத்துப் போயிருக்கும், ஆனா உள்ள தங்கூசி (நைலான் நரம்பு), பிரெய்டு (பின்னுன நரம்பு), தூண்டி முள்ளு, ஈயம், தக்கை, ராடு, ரீல்னு ஆத்து மீனுக்குத் தேவையானது எல்லாம் இருக்கு. ரீல் வெல ஆன்லைன விட கொஞ்சம் கூடத்தான், ஆனா நரம்பு சுத்திக் குடுத்து முடிச்சு போடவும் சொல்லிக் குடுத்து அனுப்புறாரு கடைக்கார அண்ணன். சாமானுக்கு நாலு ஸ்டார், மீதி ஒண்ணு அவரு ஸ்பாட் (மீன் கெடைக்கிற எடம்) சொல்ற விதத்துக்கு.

புதுசா வர்ற பசங்க உள்ள நுழைஞ்சதும் "அண்ணே, கொடுவா மீனு எங்க கெடைக்கும்"னுதான் கேக்குறாங்க. அண்ணன் யாரையும் வெரட்ட மாட்டாரு, மொத நாளே எல்லாத்தையும் கொட்டவும் மாட்டாரு. "தேவனாம்பட்டினம் போப்பா, கெடிலம் கடல்ல சேர்ற எடத்துல மணல்ல நின்னு எறா துண்டு கோத்துப் போடு, கெழங்கா மீனு வரும், கெளுத்தி மாட்டுனா அது முள்ளுல கைய வைக்காத, துணி போட்டுப் புடி"ன்னு சொல்லி அனுப்புவாரு. ஊருக்கே தெரிஞ்ச எடம், எத்தன பேர் நின்னாலும் யாருக்கும் எடைஞ்சல் இல்ல. கூடவே தண்ணி எப்ப ஏறுது எப்ப வத்துதுன்னு பாக்கச் சொல்லுவாரு, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி இழுப்பு ஜாஸ்தியா இருக்கும் ஜாக்கிரதைன்னுவாரு. என்னக் கேட்டா எடத்த விட இதத்தான் மொதல்ல கத்துக்கணும், ஏன்னா 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர் அணையத் தொறந்து தென்பெண்ணைல வந்துச்சே, அந்த மாதிரி ஒரு வெள்ளம் வந்தா ஆத்துல பள்ளம் எது மேடு எதுன்னே மாறிப் போயிடும்.

உப்பனாறு பக்கம் உள்ள எடங்கள ஆளப் பாத்துதான் சொல்லுவாரு. அறுந்த தங்கூசிய கரையில போட்டுட்டு வர்றானா, வலை கட்டியிருக்குற எடத்துல லூர் (பொம்ம இரை) வீசுறானா, குஞ்சு மீன திருப்பி விடுறானான்னு பேச்சுவாக்குலயே புடிச்சுருவாரு. அப்புறம் சொன்னாலும் ரெண்டு கண்டிஷன் உண்டு: இன்னொருத்தர கூட்டிட்டுப் போகணும்னா காட்டுனவங்கள ஒரு வார்த்த கேளு, ரீல்ஸ் போட்டா மீன மட்டும் காட்டு, பின்னாடி பாலம் கரை எதுவும் தெரியக்கூடாது, லொகேஷனும் போடாத.

இத கஞ்சத்தனம்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு ஒத்துக்க முடியல. கொடுவா மொதல்ல ஆணா இருந்து பெருசானப்புறம்தான் பொட்டையா மாறும், அப்ப ஒரு பள்ளத்துல நிக்குற பெரிய மீனுங்கதான் அடுத்த தலமொறைக்கு முட்ட போடுறது, ஒரு வீடியோவப் பாத்துட்டு கூட்டமா வந்து அதுங்கள அள்ளிட்டுப் போயிட்டா அப்புறம் அங்க என்ன மிஞ்சும்? ஆத்துல நண்டு வலை போட்டுப் பொழைக்கிறவங்களும் இருக்காங்க, நம்ம முள்ளு மாட்டிக் கிழிஞ்சா அவங்களுக்கு அன்னிக்கு வருமானம் போச்சு. பாண்டி பக்கம் ஒரு கடையில ராடு வாங்குனா ஸ்பாட் லிஸ்ட்டே வாட்ஸப்ல அனுப்புறாங்க, அதுல இருந்த ஒரு எடத்துக்குப் போய்ப் பாத்தேன், கரையோரச் செடி பூரா அறுந்த நரம்பு தொங்குது, மனசே விட்டுப் போச்சு.

போறதா இருந்தா காலையிலயே போயிடுங்க, உயிர் எறா சீக்கிரம் தீந்துடும். மத்தியானம் கடை சாத்தியிருக்கும். ஜிபே இருக்கு.