வண்டிக்கு வரிசை நிற்கும் காலத்தில் நியாய விலை: எந்த வழி தேறும்?

கார் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் விலை பேசுவது எளிது. மூன்று ஷோரூம்களில் கொட்டேஷன் வாங்கி, ஒன்றை இன்னொன்றிடம் காட்டினால் தள்ளுபடி தானாக வரும். தட்டுப்பாடு வந்துவிட்டால் இந்தச் சாமர்த்தியம் எடுபடாது. “உங்களுக்கு வேண்டாம்னா சொல்லிடுங்க சார், அடுத்தவர் ரெடியா இருக்கார்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவார்கள்.

சிப் பற்றாக்குறை வாட்டிய 2021, 2022ஆம் ஆண்டுகளில் இதை ஊரே பார்த்தது. மகிந்திரா எக்ஸ்யுவி700க்கு 2021 அக்டோபர் 7 அன்று முன்பதிவு திறந்தது. 57 நிமிடத்தில் 25,000 பேர் பதிந்துவிட்டார்கள், அறிமுக விலை அவர்களோடு முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 30இல் ஸ்கார்ப்பியோ-என், அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் முன்பதிவு. டொயோட்டா ஒரு படி மேலே போய், இன்னோவா ஹைகிராஸின் உயர்ரக ஹைபிரிட் வேரியன்ட்களுக்கு 2023 ஏப்ரலில் முன்பதிவையே நிறுத்தி வைத்தது. சிப் பிரச்சினை ஓய்ந்த பிறகும் இந்த நிலைமை அவ்வப்போது திரும்பி வருகிறது. நன்றாக ஓடும் மாடல், பண்டிகைக் காலம், வரி மாற்றம் என்று ஏதாவது ஒன்று போதும்.

இந்த நேரத்தில் நியாய விலை என்றால் தள்ளுபடி விலை என்று நினைக்க வேண்டாம். தள்ளுபடி கிடைக்காது. எக்ஸ் ஷோரூம் விலை, அரசுக்குப் போகும் சாலை வரியும் பதிவுக் கட்டணமும், வெளிச்சந்தையில் கிடைக்கும் விலையில் இன்சூரன்ஸ், இவற்றின் கூட்டுத்தொகைதான் நியாய விலை. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவசரத்துக்குக் கொடுக்கும் விலை. இந்த அளவுகோலை வைத்தே வழிகளை ஒப்பிடுகிறேன்.

நிற்கிற வண்டியைப் ‘பேக்கேஜோடு’ எடுப்பது

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான். “ஒரு கஸ்டமர் கேன்சல் பண்ணிட்டாரு, யார்டுல ஒரே ஒரு வண்டி நிக்குது, இன்னைக்கே டோக்கன் போட்டா வர்ற வாரம் டெலிவரி” என்று அழைப்பு வரும். உண்மையாகவே நிற்கும். ஆனால் அதோடு சில ‘கட்டாயங்களும்’ சேர்ந்து வரும்.

எக்ஸ் ஷோரூம் 9.50 லட்சம் என்று ஒரு வண்டியை உதாரணமாக எடுப்போம். ஆக்சஸரீஸ் கிட் 45,000. ஷோரூம் இன்சூரன்ஸ் 58,000. அதே பாதுகாப்பு வெளியே 41,000. டெஃப்லான் கோட்டிங் 9,000. கூடுதல் வாரன்ட்டி 22,000. கடைசி வரியில் ‘ஹேண்ட்லிங்’ என்று 8,500. இன்சூரன்ஸில் வரும் வித்தியாசத்தை மட்டும் சேர்த்தால், நியாய விலைக்கு மேலே 1,01,500 ரூபாய். இதில் எதையும் யாரும் விலையேற்றம் என்று சொல்ல மாட்டார்கள். எக்ஸ் ஷோரூம் விலை அப்படியே இருக்கும், பில்லும் சுத்தமாக இருக்கும்.

ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் தளர்த்த இடம் இருக்கிறது. ஹேண்ட்லிங் கட்டணம் அரசு வசூலிப்பது அல்ல. வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. “இது எதற்கு, இதற்குத் தனி ரசீது தருவீர்களா” என்று எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் அந்த வரி காணாமல் போகும். கூடுதல் வாரன்ட்டியைப் பெரும்பாலான நிறுவனங்களில் பிறகும் எடுக்கலாம், அசல் வாரன்ட்டி முடிவதற்குள் எடுத்தால் சரி. மேட், மட் ஃபிளாப், சீட் கவர் எல்லாம் வெளியே பாதி விலைக்குக் கிடைப்பவை.

இன்சூரன்ஸ்தான் பெரிய தொகை, பெரிய இழுபறியும் அதில்தான். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குபவர் உரிமை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் கொண்டுவந்த விதிகள் ஷோரூம்களுக்கும் பொருந்தும், கட்டாயப்படுத்த இடமில்லை. அதனால் நேரடியாகக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வெளியே பாலிசி எடுக்க சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வேண்டும் அல்லவா? “அலாட்மென்ட் ஆகட்டும் சார்” என்று அதைக் கடைசி நாள் வரை தராமல் இழுப்பார்கள். டெலிவரிக்கு முந்தின நாள் மாலை எண் வரும்போது நமக்கு நேரம் இருக்காது. எனவே முன்பணம் கொடுக்கும்போதே, இன்சூரன்ஸ் நான் எடுக்கிறேன், பில் போட ஐந்து நாள் முன்பு சேஸிஸ் எண் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதி, பதிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடையாது என்று பயமுறுத்துவார்கள். கேஷ்லெஸ், அதாவது பழுதுபார்த்த செலவை நிறுவனமே நேராக ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டுவது, அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. பழைய வண்டியை விற்றவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த வண்டியில் இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகச் சேர்ந்த பிரீமியத் தள்ளுபடியை (நோ கிளெய்ம் போனஸ்), அதிகபட்சம் 50 சதவீதம் வரை, புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மாற்றலாம். பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்க வேண்டும், அது மூன்று ஆண்டு செல்லும். ஷோரூமில் யாரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

ஷோரூம்காரர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வண்டியில் அவர்களுக்கு நிற்கும் லாபம் குறைவு, வருமானமே இன்சூரன்ஸிலும் ஆக்சஸரீஸிலும்தான். மாதத்துக்கு நாற்பது வண்டி வந்த இடத்தில் பதினைந்து வந்தால், அந்தப் பதினைந்திலேயே வாடகையும் சம்பளமும் எடுக்கப் பார்ப்பார்கள். அதைப் புரிந்துகொண்டு பேசினால் சில வரிகள் குறையும். ஆனால் முழுப் பேக்கேஜையும் ஏற்றுக்கொண்டு எடுப்பது, என் கணக்கில், மிக மோசமான வழிகளில் ஒன்று.

வரிசையில் காத்திருப்பது

காத்திருப்பதற்கும் விலை உண்டு. முன்பதிவு செய்த நாளின் விலை பொதுவாக உறுதி கிடையாது. பில் போடும் நாளின் விலைதான் செல்லும். ஜனவரியிலும் ஏப்ரலிலும் நிறுவனங்கள் விலையைக் கூட்டுவது வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன 9.50 லட்சம் வண்டிக்கு நான்கு மாதம் காத்திருந்து, இடையில் 2 சதவீதம் ஏறியது என்று வையுங்கள். ஏற்றம் 19,000, அதற்குத் தமிழ்நாட்டு வரி 13 சதவீதம் 2,470. மொத்தம் 21,470. பேக்கேஜின் ஒரு லட்சத்தோடு ஒப்பிட்டால் காத்திருந்தவர் எண்பதாயிரம் மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த நான்கு மாதத்துக்கும் வாடகைக் கார் தேவைப்பட்டால்கூட, அன்றாடம் ஓடாத குடும்பத்துக்கு அவ்வளவு ஆகாது.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2023 நவம்பரில் தமிழ்நாடு சாலை வரியை மாற்றியபோது, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம் என்று ஆனது. 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700. அதே வண்டி 2 சதவீதம் ஏறி 10,09,800 ஆனால் வரி 1,81,764. விலை ஏறியது பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், கையை விட்டுப் போவது எழுபத்து மூவாயிரம். அதோடு 10 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பிடித்தம்) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், செலவு அல்ல, ஆனால் அன்றைக்குக் கையில் பணம் வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டி பத்து லட்சத்தை ஒட்டி நின்றால், வருட இறுதியைத் தாண்டிக் காத்திருக்காதீர்கள். பேக்கேஜில் இருபதாயிரம் போனாலும் பரவாயில்லை, எடுத்துவிடலாம்.

காத்திருந்தவர்களுக்கு நல்லது நடந்த காலமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது, மேல்வரியும் போனது. பில் போடும் நாள்தான் கணக்கு என்பதால், அதற்கு முன்பே பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் புது விலையில் எடுத்தார்கள்.

வரிசையை நம் பக்கம் சுருக்க நம்மூரில் ஒரு வழி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க நம்மவர்கள் தயங்குவார்கள். உங்கள் முன்னால் நிற்பவருக்கு வண்டி ஒதுக்கியாகிவிட்டது, ஆனால் “தை பிறக்கட்டும்” என்கிறார். அவர் பெயரில் வந்த வண்டியை யார்டில் வைத்திருக்க ஷோரூமுக்கு வட்டி ஓடுகிறது. அஷ்டமி, நவமி, கரிநாள் எதுவும் பார்க்காமல் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பே சொல்லி வைத்தவருக்கு அந்த வண்டி போகும், பேக்கேஜ் பேச்சும் அடங்கிப் போகும். மார்கழியில் இன்னொரு வசதி, டிசம்பர் இறுதி விற்பனை இலக்கும் அதோடு சேர்ந்துகொள்கிறது. நாள் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. வீட்டில் ஒப்புக்கொண்டால், தட்டுப்பாட்டுக் காலத்தில் இதைவிட வலுவான துருப்புச் சீட்டு வேறு கிடையாது.

டிசம்பரில் எடுத்தால் ஒரு வருடம் பழைய வண்டியாகிவிடுமே என்று கேட்பார்கள். உண்மைதான், ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், விற்கும்போது அதைப் பார்த்துதான் விலை சொல்வார்கள். ஏழெட்டு வருடம் வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. மூன்று வருடத்தில் மாற்றுபவர் ஜனவரி தயாரிப்புக்குக் காத்திருக்கட்டும்.

வேரியன்ட்டை மாற்றுவது

எல்லோரும் டாப் எண்டையும் அதற்குக் கீழே இருக்கும் ஒன்றையும்தான் கேட்பார்கள். பனோரமிக் சன்ரூஃப், வெள்ளை அல்லது கறுப்பு நிறம், ஆட்டோமேட்டிக். வரிசை நீள்வது இந்தச் சேர்க்கைக்குத்தான். அதே மாடலில் நடு வேரியன்ட், மேனுவல் கியர், நீலமோ சாம்பலோ கேட்டுப் பாருங்கள், வாரக்கணக்கில் கிடைக்கும், கூடுதல் கட்டாயங்களும் குறைவாக இருக்கும்.

இதில் நான் தயங்காமல் விட்டுக்கொடுப்பது நிறமும் சன்ரூஃபும். விட்டுக்கொடுக்காதது பாதுகாப்பு அம்சங்களும் கியர் வகையும். தினமும் வேளச்சேரியிலோ காந்திபுரத்திலோ நெரிசலில் ஓட்டுபவர், வண்டி சீக்கிரம் வருகிறது என்பதற்காக ஆட்டோமேட்டிக்கை விட்டால் பத்து வருடம் அதை நினைத்துக்கொண்டே கிளட்ச் மிதிப்பார். மேலே சொன்ன பத்து லட்சக் கோடும் இங்கே உதவும். ஒரு வேரியன்ட் கீழே இறங்கினால் விலையோடு வரியும் ஐந்து சதவீதம் இறங்கும் மாடல்கள் பல உண்டு.

வேறு மாடலுக்கே மாறலாமா? மாறலாம். எல்லா மாடலுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வருவதில்லை. மகிந்திராவின் ‘தார்’ ஜீப்புக்கு மாதக்கணக்கில் வரிசை இருந்த 2023இன் கடைசியில், மாருதி ஜிம்னிக்குத் தண்டர் எடிஷன் என்று பெயரிட்டு இரண்டு லட்சம் வரை குறைத்துக் கொடுத்தார்கள்.

வேறு ஊர் ஷோரூம்

சென்னையில் இல்லாதது நாகர்கோவிலிலோ தஞ்சாவூரிலோ நிற்கலாம். தமிழ்நாட்டுக்குள் வரி ஒன்றுதான், உங்கள் ஊர் ஆர்டிஓவிலேயே பதியலாம். கூடுதல் செலவு ஒரு ரயில் டிக்கெட்டும் ஓட்டி வரும் பெட்ரோலும். தாராளமாக முயலலாம், முன்பணம் முழுதாகத் திரும்ப வருமா என்பதை மட்டும் படிவத்தில் படித்துவிட்டு இரண்டு ஊரில் பதியுங்கள். ஒரு மாருதி ஷோரூம் தருவதை இன்னொன்று ஏன் தரவில்லை என்று கேட்பதற்கும் இது உதவும். டீலர்கள் சொந்தமாகத் தள்ளுபடி தருவதைத் தடுத்ததாக 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மாருதி அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது.

வரி குறைவு என்று புதுச்சேரி முகவரி ஏற்பாடு செய்து பதியும் வேலை வேண்டாம். அப்படிப் பதிந்த சொகுசுக் கார்கள் மீது 2017இல் கேரளம் வழக்குகள் போட்டது. வண்டியைத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக ஓட்டினால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிமாநில எண்ணில் வைத்திருக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது.

ஒரு வருடம் ஓடிய வண்டி

சாதாரணக் காலத்தில் இதுதான் புத்திசாலித்தனமான தேர்வு. தட்டுப்பாட்டில் இல்லை. புது வண்டி கிடைக்காதவர்கள் எல்லோரும் இங்கே வந்துவிடுவதால், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைப் புது வண்டி விலைக்கே சொல்வார்கள். கட்டிய சாலை வரியும் சேர்ந்து வருகிறது என்பது மட்டும் ஆறுதல். புது வண்டிக்கு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் 15 சதவீதமாவது குறைந்தால் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஷோரூம் டெஸ்ட் டிரைவ் வண்டிக்கும் இதே அளவுகோல்தான்.

என் தேர்வு வரிசை இதுதான்: வேரியன்ட்டையும் நிறத்தையும் தளர்த்தி, இரண்டு ஊரில் பதிந்து, நாள் நட்சத்திரம் பார்க்காமல் காத்திருப்பது முதலில். வண்டி பத்து லட்சத்தை ஒட்டி இருந்தாலோ, மருத்துவம் போன்ற உண்மையான அவசரம் இருந்தாலோ, நிற்கிற வண்டி இரண்டாவது. அப்போதும் இன்சூரன்ஸையும் ஹேண்ட்லிங்கையும் விடாமல் பேசுங்கள். பழைய வண்டியை அதே ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடுவதை வெளியே விலை கேட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் இருபதாயிரம் என்று கொடுத்துவிட்டு, வண்டி மதிப்பில் அதைவிட அதிகம் குறைப்பது எளிது. முழுப் பணம் கட்டும் முன் யார்டுக்குப் போய், சேஸிஸ் எண்ணை உங்கள் பில்லோடு ஒப்பிட்டு, விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் இருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்துவிடுங்கள்.