குடிலா மரமா, கல்கலா முந்திரிக்கொத்தா: பெங்களூர் வீட்டு கிறிஸ்மஸுக்கு எது சரிப்பட்டு வரும்?

எங்க வீட்ல டிசம்பர் பொறந்தாலே ரெண்டு கட்சி ஆயிடும். நான் ஆர்.சி, அதாவது கத்தோலிக்கம், அம்மா வழி கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்), நான் வளர்ந்தது சிவாஜிநகர்ல பசிலிக்கா பக்கம். வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ, அதாவது புராட்டஸ்டண்ட், அவங்களுக்கு தூத்துக்குடி மாவட்டத்துல நாசரேத். இப்ப லிங்கராஜபுரத்துல ரெண்டு பெட்ரூம் வீடு, ரெண்டு பிள்ளைங்க, அத்தையும் எங்களோடதான் இருக்காங்க. எங்க அம்மா வீட்டு வழக்கப்படியும் செஞ்சு பாத்தாச்சு, அத்தை ஊர் வழக்கப்படியும் செஞ்சு பாத்தாச்சு, ஒரு வருஷம் ரெண்டையும் ஒண்ணா இழுத்துப் போட்டுக்கிட்டு 25ந் தேதி பிள்ளைங்களோட உக்காந்து ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியாம போச்சு, அன்னைக்குத்தான் எதை வச்சுக்கறது எதை விடறதுன்னு உக்காந்து யோசிச்சோம். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், வீட்ல இருக்கற எல்லார் கையும் அந்த வேலையில படுதா இல்லையா. பாக்க அழகா இருக்கா, போட்டோவுல நல்லா விழுமாங்கறதெல்லாம் அப்புறம்.

ஊருக்குப் போறதா, இங்கயே இருக்கறதா

இதை முதல்லயே முடிச்சுடறேன். 2024 நவம்பர்ல இருந்து ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடிதான் தொறக்குது, 23ந் தேதி நாகர்கோவில் வண்டியோ தூத்துக்குடி வண்டியோ வேணும்னா அக்டோபர் கடைசியில காலையில 8 மணிக்கு போனும் கையுமா உக்காரணும், கிடைச்சா போங்க, பாட்டி தாத்தா ஊர்ல இருந்தா கண்டிப்பா போங்க, அதுக்கு ஈடே கிடையாது. கிடைக்கலன்னா தனியார் பஸ்ஸுக்கு அந்த வாரம் கேக்கற ரேட்டைக் குடுத்துட்டு, ரெண்டு ராத்திரி பஸ்ஸுல கழிச்சுட்டு, 26ந் தேதி ஆபீஸுல வந்து நிக்கறதுக்கு பதிலா இங்கயே இருந்துடலாம். ராத்திரி 15, 16 டிகிரி குளிர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கிறிஸ்மஸ் கொண்டாடற குடுப்பினை நாசரேத்துல கிடையாது, இதை அத்தையே ஒத்துக்கிட்டாங்க.

குடிலா, மரமா

இதுலதான் எங்க வீட்ல பேச்சு ஜாஸ்தி ஓடும். அவங்க ஊர்ல அந்தக் காலத்துல சவுக்குக் கிளைய வெட்டிட்டு வந்து, மண்ணெண்ணெய் டின்னுல மணலைப் போட்டு நட்டு, மேல பஞ்சை பிச்சு பிச்சு ஒட்டுவாங்களாம், பனியையே பாத்திராத ஊர்ல அந்த பஞ்சுதான் பனி. சவுக்கு வாசனை வீடு பூரா இருக்கும்னு அத்தை சொல்லும்போது அவங்க முகத்தை பாக்கணும். இங்க சவுக்குக் கிளைக்கு எங்க போக, அதனால பெரும்பாலும் எல்லாரும் பிளாஸ்டிக் மரம்தான் வாங்கறாங்க, நாலு அடி மரம், அரை மணி நேரத்துல விரிச்சு, பந்து தொங்கவிட்டு, சீரியல் லைட்டை சுத்தினா வேலை முடிஞ்சது. முடிஞ்சதுங்கறதுதான் எனக்கு அதுல குறை, பிள்ளைங்களுக்கு அதுக்கப்புறம் அதுகிட்ட ஒரு வேலையும் இல்ல. மரம்தான் வேணும்னா நர்சரியில அரகேரியா செடி தொட்டியோட கிடைக்கும், லால்பாக்ல வானத்தைப் பாத்து ஓங்கி நிக்குதே அந்த ஜாதி, 11 மாசம் பால்கனியில இருக்கட்டும், டிசம்பர்ல ரெண்டு வாரம் மட்டும் உள்ள கொண்டு வாங்க. மெதுவாதான் வளரும், ஆனா அடுக்கடுக்கா கிளை விடறதை பாத்துக்கிட்டு பிள்ளைங்க தண்ணி ஊத்துவாங்க. கிளை மெல்லிசு, கனமான பந்தைத் தொங்கவிட்டா தொங்கிப் போயிடும், பேப்பர்ல வெட்டினது மட்டும் மாட்டுங்க.

குடில்னா இயேசு பொறந்த மாட்டுத் தொழுவத்தை சின்னதா பண்ணி வைக்கறது, அது மரம் மாதிரி இல்ல, 12ந் தேதியே ஆரம்பிச்சுடணும். எங்க அம்மா சொல்லிக் குடுத்தது, ராகியை ஒரு ராத்திரி ஊற வச்சு, அகலமான தட்டுல ரெண்டு விரல் உயரத்துக்கு மண்ணும் தேங்கா நார்த் தூளும் கலந்து பரப்பி, அது மேல நெருக்கமா தூவி, ரெண்டு நாளைக்கு ஈரத் துணி போட்டு மூடி வைக்கணும். ரெண்டு வேளையும் தண்ணி தெளிக்கணும், ஊத்தக் கூடாது, ஊத்தினா விதையெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி நடுவுல சொட்டையா நிக்கும். மூணாவது நாள் துணியை எடுத்தா வெள்ளையா ஊசி முனை மாதிரி எட்டிப் பாக்கும், வெயில்ல வச்சா மறுநாளே பச்சை ஏறிடும், 24ந் தேதிக்கு மூணு நாலு இஞ்ச் புல்லு ரெடி. குளிர் ஜாஸ்தியா இருக்கற வருஷம் ரெண்டு நாள் முன்னாடியே போடுங்க. என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்ததும் பையைக் கூட இறக்காம நேரா அந்த தட்டுகிட்டதான் போவா, ஸ்கேல் வச்சு அளப்பா. பையனுக்கு பழுப்பு பேப்பரைக் கசக்கி பாறை பண்ற வேலை, வீட்டுக்காரருக்கு வயரிங், அத்தை ஆர்.சி இல்லைன்னாலும் கூரைக்கு வைக்கோல் வேயறது அவங்கதான், பனை ஓலை வேஞ்ச கை அது, நாங்க யாரு செஞ்சாலும் அந்த மாதிரி வராது.

சுரூபம், அதாவது குடில்ல வைக்கற பொம்மை, செட்டு விலை ஜாஸ்தின்னு நிறைய பேர் குடிலே வேணாம்னு விட்டுடறாங்க, அது தேவையே இல்ல. 1223ல இத்தாலியில கிரேச்சோங்கற ஊர்ல அசிசி பிரான்சிஸ் முதல் முதலா குடில் வச்சப்போ அதுல பொம்மையே கிடையாது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நெஜமான மாடு ஒண்ணு கழுதை ஒண்ணு, அவ்வளவுதான். நாங்களும் முதல் வருஷம் மாதா, சூசையப்பர், குழந்தை மூணு மட்டும்தான் வாங்கினோம், ஆடு மாடெல்லாம் பிள்ளைங்க களிமண்ல பண்ணினது, ஒரு ஆட்டுக்கு காது பெருசா போய் முயல் மாதிரி இருக்கு, ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் தொட்டிக்கு ரொம்ப பக்கத்துல வைப்பாங்க.

ரெண்டுக்கு ரெண்டு அடி மூலை ஒண்ணு இருந்தா குடில்தான் என் ஓட்டு. தவழற குழந்தை இருந்தா மட்டும் மேஜை மேல வைங்க, சின்ன பொம்மையெல்லாம் வாய்க்குள்ள போயிடும். வாடகை வீட்ல ஆணி அடிக்க விடமாட்டாங்கறவங்களுக்கும் குடில்தான் வசதி, அதுக்கு ஆணியே வேணாம்.

ஸ்டார் விஷயத்துல போட்டியே இல்ல, பேப்பர் ஸ்டார்தான். எல்.இ.டி பட்டை ஸ்டார் பளபளன்னு கண்ணைக் குத்துது, பேப்பர்ல வர்ற வெளிச்சம்தான் வாசல்ல நின்னு பாக்கும்போது வீட்டுக்குள்ள கூப்பிடற மாதிரி இருக்கும். உள்ள பழைய குண்டு பல்பு மட்டும் போடாதீங்க, சூட்டுல பேப்பர் கருகும், 5 வாட் எல்.இ.டி தாராளம். வங்காள விரிகுடாவுல புயல்னா இங்க நசநசன்னு தூறும், அந்த ராத்திரி மட்டும் கழட்டி உள்ள வச்சுடுங்க.

கல்கலா, முந்திரிக்கொத்தா

இது பலகாரப் பஞ்சாயத்து. கேஜிஎஃப்ல ஆங்கிலோ இந்தியன் வீடுங்களோட பழகி எங்க அம்மா வீட்டுக்கு வந்தது கல்கலும் (மைதா மாவைச் சுருட்டி எண்ணெயில பொரிக்கற இனிப்பு) அச்சு முறுக்கும், அச்சு முறுக்கை இங்க ரோஸ் குக்கின்னும் சொல்லுவாங்க. அத்தை பக்கம் முந்திரிக்கொத்தும் அதிரசமும்.

முந்திரிக்கொத்துன்னதும் முந்திரி இருக்கும்னு நினைக்காதீங்க, அது பாசிப்பருப்பு. வாசனை வர்ற வரைக்கும் வறுத்து, ரவை மாதிரி உடைச்சு, தேங்காயை ஈரம் போக சிவக்க வறுத்து, எள்ளு ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகு ஊத்தி சூட்டோட உருண்டை பிடிக்கணும். சூடு ஆறினா உதிரும், அதனால அத்தை ஒருத்தங்க மட்டும்தான் கையை நனைச்சு நனைச்சு பிடிப்பாங்க, பிள்ளைங்களை பக்கத்துல விட முடியாது. அப்புறம் மஞ்சள் போட்ட அரிசி மாவுக் கரைசல்ல முக்கி மூணு மூணா ஒட்டிக்கிற மாதிரி எண்ணெயில விடணும். ருசின்னா இதுதான் ருசி, நான் கேஜிஎஃப் கட்சியா இருந்தாலும் சொல்றேன், கல்கல் கிட்டயே வராது. தேங்காயை நல்லா வறுத்திருந்தா ரெண்டு வாரம் கூட தாங்கும்.

ஆனா கல்கலுக்கு எல்லார் கையும் வேணும். அரை கிலோ மைதா, ரெண்டு முட்டை, கெட்டித் தேங்காப்பால், கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சப்பாத்தி மாவை விட கொஞ்சம் இறுக்கமா பிசைஞ்சு ஒரு மணி நேரம் மூடி வச்சுட்டு, டைனிங் டேபிள் மேல நியூஸ் பேப்பர் விரிச்சு எல்லாரும் சுத்தி உக்காரணும். கோலி அளவு உருண்டையை ஃபோர்க் முதுகுல வச்சு கட்டை விரலால அழுத்தி அப்படியே சுருட்டினா வரி வரியா சோழி மாதிரி வரும், புது சீப்பு இருந்தா இன்னும் நல்லா வரும். அரை கிலோவுக்கு அஞ்சு பேர் உக்காந்தாலே ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்துல டிவி இல்ல போன் இல்ல, கை பூரா மாவு. அம்மா கேஜிஎஃப்ல இருக்கற சேம்பியன் ரீஃப்ஸ் கதையெல்லாம் சொல்லுவாங்க, 2001ல சுரங்கத்தை மூடினப்புறம் ஒவ்வொரு வீடா பெங்களூருக்கு வந்தது வரைக்கும் அந்த டேபிள்ல வச்சுத்தான் என் பிள்ளைங்களுக்கு தெரியும்.

அச்சு முறுக்குக்கு பொறுமை வேணும், அவ்வளவுதான். அச்சு எண்ணெயிலயே கிடந்து நல்லா சுடணும், மாவுல முக்கால் உயரம் மட்டும்தான் முக்கணும், மேல் விளிம்பு வரைக்கும் மாவு ஏறிடுச்சுன்னா முறுக்கு கழண்டே வராது. புது அச்சை ரெண்டு நாள் அரிசிக் கஞ்சியில ஊற வச்சு, எண்ணெய் தடவி வச்சிருந்து எடுத்தா ஒட்டாது.

இன்னொரு கணக்கும் இருக்கு, தட்டு குடுக்கறது. எங்க மாடியில இருக்கற கன்னட ஆன்ட்டி முட்டை தொட மாட்டாங்க, அந்த தட்டுல கல்கலும் வைக்க முடியாது அச்சு முறுக்கும் வைக்க முடியாது, அங்க அத்தை கட்சிதான் ஜெயிக்குது, முந்திரிக்கொத்து, அதிரசம், ரெண்டு வாழைப்பழம். சங்கராந்திக்கு எள்ளு பெல்லா (எள்ளும் வெல்லமும் கலந்தது) வச்சு அதே தட்டைத் திருப்பிக் குடுப்பாங்க, வெறும் தட்டா ஒரு வருஷம் கூட வந்ததில்ல. அதனால நாங்க இப்ப ரெண்டுலயும் ஒண்ணொண்ணு மட்டும்னு முடிவு பண்ணிட்டோம், கல்கல் வீட்டுக்கு, முந்திரிக்கொத்து வீட்டுக்கும் தட்டுக்கும். அச்சு முறுக்கும் அதிரசமும் தெரிஞ்ச கைப்பக்குவக்காரங்ககிட்ட ஆர்டர்.

கேக்: சுடறதா, வாங்கறதா

பெங்களூர்ல இருந்துக்கிட்டு கேக் வாங்கறதுல தப்பே இல்ல, ஃப்ரேசர் டவுன் மாஸ்க் ரோட்டுல 1902ல இருந்து ஆல்பர்ட் பேக்கரி இருக்கு, இந்த ஊருக்கு பிளம் கேக் புதுசு கிடையாது. ஆனா கடைசி நேரத்துல தெரியாத கடையில வாங்கினா ஏமாந்துடுவோம், ஒரு வருஷம் 24ந் தேதி சாயந்திரம் அவசரத்துல வாங்கினது வெட்டும்போதே பொலபொலன்னு உதிர்ந்துச்சு, டூட்டி ஃப்ரூட்டியைத் தவிர உள்ள ஒண்ணும் இல்ல. வாங்கறதா இருந்தா டிசம்பர் முதல் வாரமே ஒரு சின்ன துண்டு வாங்கி ருசி பாத்துட்டு ஆர்டர் குடுங்க.

வீட்ல சுடறதுக்கு பழத்தை ரம்ல மாசக்கணக்கா ஊற வைக்கணும், எங்க வீட்ல ரம்முக்கு இடமே இல்லன்னு விடறவங்களுக்கு ஒரு விஷயம். 1883ல தலச்சேரியில மம்பள்ளி பாப்பு ஒரு வெள்ளைக்காரருக்காக சுட்டதுதான் இந்தியாவுல முதல் கிறிஸ்மஸ் கேக்குன்னு சொல்லுவாங்க, பிரெஞ்சு பிராந்தி போடச் சொன்னாங்களாம், அவரு உள்ளூர்ல காய்ச்சினதை ஊத்தி சமாளிச்சாராம். அப்ப அவரு மாத்தின மாதிரி நாம ஆரஞ்சு ஜூஸ் ஊத்தலாம். ஜூஸ்னா மாசக்கணக்குல வைக்காதீங்க, மூணு நாலு நாள் ஃப்ரிட்ஜ்ல போதும், இல்லன்னா பழத்தை ஜூஸ்லயே பத்து நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சு மறுநாளே சுடலாம். நிறத்துக்கு சர்க்கரையை கருக்கி வெந்நீர் ஊத்தணுமே, அந்த வேலைக்கு மட்டும் பிள்ளைங்களை அடுப்பு கிட்ட விடாதீங்க, ஊத்தினதும் சீறிக்கிட்டு தெறிக்கும்.

நள்ளிரவா, விடியக்காலையா

எங்களுக்கு 24 ராத்திரி பதினொன்றரை மணி பூசை, அவங்களுக்கு 25 விடியக்காலை ஆராதனை. ரெண்டுக்கும் போயிட்டு வந்த ஒரு வருஷம் சின்னவன், பூசையில தோள்ல தூங்கினவன் ஆராதனையிலயும் தூங்கினான், ஒண்ணும் பாக்கல. சின்ன பிள்ளைங்க இருந்தா விடியக்காலைதான் நல்லது, ராத்திரி ஏழு மணிக்கு சாப்பாடு, எட்டு மணிக்கு குடில் முன்னாடி ஜெபம், ஒரு கீர்த்தனை, தூக்கம். திரும்பி வரும்போது ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோவுக்கு அலைய வேண்டியதும் இல்ல. பிள்ளைங்க பத்து வயசு தாண்டினா நள்ளிரவுக்கு மாறிடுங்க, பன்னெண்டு மணிக்கு மணி அடிக்கும்போது அந்தக் குளிர்ல எழுந்து நிக்கற சந்தோஷம் அவங்களுக்கும் வேணும்.

பரிசுக்கு ஆளாளுக்கு வாங்கறதை விட கிறிஸ் மாம் கிறிஸ் சைல்ட் சீட்டு போதும், சீட்டுல யார் பேர் வருதோ அவங்களுக்கு மட்டும் ரகசியமா பரிசு குடுக்கறது, ஆளுக்கு 300 ரூபாய்க்கு மேல கூடாது. சாப்பாட்டுல காலையில ஆப்பமும் கறியும் போதும்னு வச்சுட்டோம், மட்டன் பிரியாணி ராத்திரிக்குத்தான், ரெண்டையும் காலையிலயே ஏத்தி வச்சா ஒருத்தி சமையல்கட்டுலயே நிக்கணும். மட்டனுக்கு 23ந் தேதியே சொல்லி வைங்க.

மரமா குடிலான்னு இன்னும் யோசிக்கறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. மரத்தை புது வருஷம் முடிஞ்சதும் கழட்டிடுவோம், குடில் ஜனவரி 6 மூணு ராஜா திருநாள் வரைக்கும் இருக்கும். எங்க வீட்ல அந்த மூணு ராஜாங்களை 25ந் தேதி குடில்ல வைக்க மாட்டோம், சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து கிளம்புவாங்க, தினமும் காலையில பல்லு விளக்கினதும் பையன் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துவான், ஃப்ரிட்ஜ் மேல ஒரு நாள், தையல் மெஷின் மேல ஒரு நாள், ஷூ ரேக் மேல ஒரு நாள். போன வருஷம் ஒட்டகத்துக்கு கால் உடைஞ்சு போச்சு, அத்தை தீக்குச்சி வச்சு கட்டு போட்டு விட்டாங்க, 6ந் தேதி கரெக்டா வந்து சேர்ந்துடுச்சு.