ஒரே தொழிலா, நாலு தொழிலா? மொரிஷியஸ் சைட்ல இருந்து

நம்ம பசங்க அடிக்கடி கேக்குறது இதுதான், கொத்து வேலைய மட்டும் புடிச்சுக்கலாமா இல்ல சென்ட்ரிங் (கான்கிரீட் ஊத்த பலகை அடிக்கிறது), கம்பி கட்டுறது, டைல்ஸ்னு எல்லாத்தையும் கத்துக்கலாமான்னு.

ஒரே தொழில்ல ஊறுனவனுக்கு கை சுத்தம் வரும். 1730கள்ல பாண்டிச்சேரிலருந்து இந்தத் தீவுக்கு வந்த நம்ம தமிழாளுங்க கல்தச்சு, தச்சுன்னு அவங்கவங்க கைத்தொழில வச்சுத்தான் தலைநகர் போர்ட் லூயிய கட்டுனாங்க. இன்னிக்கும் பெரிய பில்டிங்ல டைல்ஸ்னா டைல்ஸ் மட்டும் போடுற ஆளத்தான் தேடுவாங்க. ஆனா அந்த வேலை முடிஞ்சா அடுத்த ஸ்லாப் (மாடித் தளம்) வர்ற வரைக்கும் சும்மா உக்காரணும், அதான் கடுப்பு.

ரெண்டு மூணு தெரிஞ்சவன் கதை வேற. இங்க 1960 கரோல் புயலுக்கப்புறம் வீடெல்லாம் பெரும்பாலும் பிளாக்கும் கான்கிரீட் மொட்டமாடியும்தான், அதனால சென்ட்ரிங் அடிச்சு, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, பூசவும் தெரிஞ்சா சின்ன வீட்டு வேலைக்கு நாலு பேர் போதும், கம்பிக்கு கவர் (கம்பிய மூடுற கான்கிரீட் கனம்) எவ்ளோ விடணும்னு தெரிஞ்ச கொத்தனார் பலகைய தப்பா அடிக்கவும் விடமாட்டான். ஆனா கூலி கூடுதான்னு மொதல்லயே பேசிருங்க, இல்லன்னா ஒரு சம்பளத்துக்கு மூணு வேலை வாங்கிருவாங்க (நான் பட்டுட்டேன்).

என்னக் கேட்டா, ஒண்ணுல நல்லா கை தேறுன பிறகு அத ஒட்டுன வேலைய கத்துக்கோங்க. கரண்ட் வேலைய மட்டும் பாத்துப் பழகுனேன்னு தொடாதீங்கப்பா, அதுக்கு முறையா படிச்சு சர்டிபிகேட் வாங்கணும்.