தடைக்காலத்துக்கு எந்த ஆறு? ரிஷிகேஷ், தாண்டேலி, பாராபோள்: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையோரம் நங்கூரமிட்டு நின்றுவிடுகின்றன. வலை பழுதுபார்த்து, படகுக்கு வர்ணம் பூசி முடித்த பின்னும் இளைஞர்களின் கையில் சில வாரங்கள் மிஞ்சுகின்றன. அந்த நாள்களில் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து ஆற்றின் வேகநீரில் காற்றடைத்த மிதவையில் துடுப்புப் போட்டுப் போகும் ராஃப்டிங் செய்து, கரையிலேயே கூடாரமடித்து இரண்டு இரவு தங்கி வரலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூன்று இடங்களின் பெயர்கள் அடிபடுகின்றன: உத்தராகண்டின் ரிஷிகேஷ், கர்நாடகத்தின் தாண்டேலி, குடகின் பாராபோள்.

பாராபோளை முதலில் எடுத்துக்கொள்வோம், அதைத் தள்ளிவைப்பது எளிது என்பதால். தென் குடகில் பிரம்மகிரிக் காட்டை ஒட்டிப் பாய்ந்து கேரளத்துக்குள் இறங்கும் இந்த ஆறு முழுக்கத் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருப்பதால், ராஃப்டிங்குக்கான பருவம் ஏறக்குறைய ஜூன் நடுவில் தொடங்கிச் செப்டம்பர் வரைதான் நீடிக்கிறது. நம் படகுகள் மீண்டும் கடலுக்குக் கிளம்பும் வாரத்தில்தான் அங்கே தண்ணீரே வருகிறது. ரேப்பிட்டுகளை, அதாவது ஆறு பாறைகளிடையே நுரைத்துப் பாயும் இடங்களை, எண் ஏற ஏறக் கடினம் என்ற கணக்கில் ஒன்று முதல் ஆறு நிலைகளாகத் தரம் பிரிக்கும் வழக்கப்படி பார்த்தால், மூன்று, நான்கு நிலை ரேப்பிட்டுகள் அடுத்தடுத்து வரும் இதைப்போன்ற ஆறு தென்னிந்தியாவில் அரிது. ஆயினும் கொட்டும் மழையில் காப்பித் தோட்டத்துக் கூடாரத்தில் அட்டைக்கடியோடு படுத்திருப்பதை முகாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ரிஷிகேஷின் பெருமை வேறு. அங்கே கங்கையில் ரிஷிகேஷ் நோக்கிப் பிரம்மபுரியிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16 கிலோமீட்டர், கௌடியாலாவிலிருந்து 36 கிலோமீட்டர் என்று துணிவுக்கேற்பத் தொலைவைத் தேர்ந்தெடுக்கலாம். முதன்முறை போகிறவர்களுக்குச் சிவபுரி போதும். மேல்பகுதியில் இருக்கும் 'தி வால்' என்ற ரேப்பிட், அனுபவமுள்ளவர்களையும் கவிழ்த்துவிடக்கூடியது. மழைக்காலத்தில் ராஃப்டிங் நிறுத்தப்பட்டாலும் தடைக்காலம் முழுவதும் அங்கே பருவம்தான். பனி உருகி வரும் நீராதலால் மே மாத வெயிலிலும் உடல் விறைக்கும்.

குறைகளும் இருக்கின்றன. மதுரையிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் டெல்லி போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகிறது. அதன்பிறகு மலையடிவாரம் வரை பேருந்துப் பயணம். மே மாதத்தில் கேதார்நாத், பத்ரிநாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்குப் போகும் சார்தாம் யாத்திரைக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். கங்கைக்கரை மணல்வெளிகளில் இருந்த முகாம்களுக்கு 2015 இறுதியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்ததை முன்பணம் கட்டும் முன்பே நினைவில் கொள்ள வேண்டும். 'ஆற்றங்கரை முகாம்' என்ற விளம்பரத்தை நம்பிப் போன எங்களுக்குக் கிடைத்ததோ, சாலைக்கு மேலே மலைச்சரிவில் வரிசையாக நின்ற கூடாரங்கள். இரவில் காதில் விழுந்தது லாரிச் சத்தம்தான். போதாக்குறைக்கு, ரிஷிகேஷ் நகருக்குள் மீன் கிடையாது. மூன்றாம் நாளே குழுவில் பாதிப் பேர் கருவாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துப்போவதாக இருந்தால் கணக்கு மாறும். காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கங்கைநீர் கொண்டுவருபவர்களைக் காலங்காலமாகப் பார்த்துவந்த ஊருக்கு, அந்த நீரை நாமே போய் எடுத்துவருவதில் ஒரு தனி நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

தாண்டேலியில் ஓடுவது காளி ஆறு. சுபா அணைக்குக் கீழே கணேஷ்குடியில் ராஃப்டிங் தொடங்குகிறது. மின் உற்பத்திக்காக அணையிலிருந்து திறந்துவிடும் நீரே இங்கு ரேப்பிட்டுகளை உண்டாக்குவதால், மழை பொய்த்த கோடையிலும் ஆறு ஓடும். அதே காரணத்தால், நீர் திறக்காத நாளில் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே போகும் நாளின் நீர்த்திறப்பு நேரத்தை முந்தைய நாளே கேட்டுவைத்துக்கொள்வது அவசியம். இரண்டு, மூன்று நிலை ரேப்பிட்டுகளே என்றாலும், ஆளுக்கொரு துடுப்பாக ஒரு மிதவையில் ஏழெட்டுப் பேர் இழுக்கும்போது சலிப்பு தட்டுவதில்லை. ராமேஸ்வரத்துக்கும் ஹூப்ளிக்கும் இடையே வாராந்திரச் சிறப்பு ரயில் இயக்கப்பட்டுவந்திருக்கிறது. அது கிடைத்தால் ஹூப்ளியில் இறங்கிச் சாலைவழியாக இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். முகாமும் இங்கேதான் முகாமாக இருக்கிறது: கூடாரத்திலிருந்து கூப்பிடுதூரத்தில் ஆறு, தலைக்கு மேலே இருவாச்சி, சுற்றிலும் புலிகள் காப்பகத்தின் காடு. தாண்டேலி நகரை ஒட்டிய நீரில் முதலைகள் உண்டு என்பதால், உள்ளூர்க்காரரைக் கேட்காமல் இறங்கிக் குளிக்கக் கூடாது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தாண்டேலியைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அவர்களுக்குக் கடல் தெரியும் என்பதே. கடலில் அலை நகர்ந்து வரும், தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். ரேப்பிட்டிலோ அலை நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர்தான் அதன் வழியே பாய்ந்து போகும். அலை கடக்கட்டும் என்று காத்திருந்து பழகியவனுக்கு இங்கே எந்த அலையும் கடந்து போவதில்லை. உப்புநீரைப்போல நன்னீர் ஆளைத் தாங்குவதும் இல்லை. படகிலிருந்து குதித்தே வளர்ந்த என் சித்தப்பா மகன், காளியில் மிதவையிலிருந்து விழுந்தவுடன் கரைக்கடலில் நிற்பதுபோல இடுப்பளவு நீரில் காலூன்றப் பார்த்தான். பாறை இடுக்கில் கால் சிக்கினால் பின்னாலிருந்து வரும் நீர் ஆளை அமுக்கிவிடும் என்பதால், மல்லாந்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும் என்று வழிகாட்டி காலையிலேயே சொல்லியிருந்தார். அவர் இந்தியில் கத்தியது இவனுக்குப் புரியவில்லை. 'காலைத் தூக்குடா' என்று நான் கத்திய பிறகுதான் தூக்கினான். மிதவை நெருங்கியதும் வழிகாட்டி அவனுடைய லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து, ஒருமுறை நீருக்குள் அமுக்கி, அது மேலே எழும்பும் வேகத்திலேயே வலையை இழுத்துப்போடுவதுபோல உள்ளே சாய்த்தார். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இதே பாடத்தைக் கௌடியாலாவின் நான்காம் நிலையில் கற்றுக்கொள்ள நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே தயக்கமாக இருக்கிறது.

தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. வாடைக்காற்றில் வடகடல் கொந்தளித்துப் பல நாள் தொழில் நிற்கும் கார்த்திகை, மார்கழிதான் அவர்களுக்குத் தோதான காலம். பாராபோள் அப்போது வற்றிக் கிடக்கும். ரிஷிகேஷும் தாண்டேலியும் திறந்திருந்தாலும், மார்கழிக் கங்கையில் நனைந்துவிட்டு ஈரத்துணியோடு கூடாரத்தில் ஒண்டுவதற்கு மண்டபம் பக்கத்து உச்சிப்புளி வெயிலில் வளர்ந்த உடம்பு இணங்காது. அவர்களும் ஹூப்ளிக்கே சீட்டு எடுப்பது நல்லது.